பதினோராம் வகுப்புப் பிள்ளையின் கையில் இருக்கும் அந்தப் புத்தகம்: ஸ்காபரோத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். கையெழுத்துக் கேட்டு ஒரு மனு வட்ஸ்அப்பில் சுற்றுவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பதினோராம் வகுப்பு ஆங்கிலத்தில் "எங்கட பிள்ளைகளுக்குச் சம்பந்தமில்லாத" ஆதிக்குடிக் கதைகளைத் திணிக்கிறார்களாம், அதிலும் 'த மாரோ தீவ்ஸ்' என்ற நாவல் மனிதரின் எலும்பு மச்சையை உறிஞ்சி எடுக்கிற பயங்கரக் கதையாம், அதை எடுத்துவிட்டு ஷேக்ஸ்பியரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமாம். கூடவே ஒரு குரல்பதிவும் வருகிறது. பேசுகிறவர் நல்ல கோபத்தில் இருக்கிறார். புத்தகத்தைத் திறந்து பார்த்த அடையாளம் மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

நான் இந்த ஊரில் உயர்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன். அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரிவரியாக வாசித்திருக்கிறேன். அதனால் இந்த மடல்.

முதலில் புள்ளிக் கவலையை முடித்துவிடுவோம், ஏனென்றால் கோபத்தில் பாதி அதுதான். ஆதிக்குடி எழுத்தாளரின் படைப்புகளை வைத்து ஆங்கிலம் படிப்பிக்கும் இந்தப் பாடத்தின் குறியீடு என்பிஇ3யூ. ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை 2023 பெப்ரவரியில் இதைப் பதினோராம் வகுப்பின் கட்டாய ஆங்கிலப் பாடமாக்க வாக்களித்தது. ஒன்ராறியோவின் வேறு சில சபைகள் அதற்கு முன்பே செய்துவிட்டன. பதினோராம் வகுப்பின் பழைய ஆங்கிலப் பாடமான ஈஎன்ஜி3யூவுக்குச் சமமான பாடம் இது. இதை முடித்த பிள்ளை பன்னிரண்டில் ஈஎன்ஜி4யூ எடுக்கலாம். பல்கலைக்கழகம் முக்கியமாகப் பார்ப்பது அந்தப் புள்ளியைத்தான். கட்டுரை எழுதுவது, மேற்கோள் காட்டுவது, வாதம் கட்டுவது எல்லாம் இதிலும் உண்டு. ஷேக்ஸ்பியர் மற்ற வகுப்புகளில் வந்துகொண்டுதான் இருக்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகாது.

இது ஏதோ ஒரு சபைக்குத் திடீரென வந்த யோசனையும் இல்லை. ஆதிக்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்திருந்த வதிவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் 94 பரிந்துரைகளை வைத்தது. அந்தப் பள்ளிகளின் வரலாறும் ஆதிக்குடிகளோடு அரசு செய்த ஒப்பந்தங்களின் வரலாறும் பாலர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை கட்டாயமாகப் படிப்பிக்கப்பட வேண்டும் என்பது அதில் 62ஆவது. சரி, வரலாற்றை வரலாற்று வகுப்பில் படிப்பிக்கலாமே, ஆங்கில வகுப்பில் எதற்கு எதிர்காலக் கற்பனை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு இந்த மடலை எழுதத் தோன்றியதே அந்தக் கேள்விக்காகத்தான்.

மனுவில் வரும் புத்தகம் 'த மாரோ தீவ்ஸ்'. எழுதியவர் ஷெரி டிமலைன், ஜோர்ஜியன் குடாப் பக்கத்து மேட்டி என்ற ஆதிக்குடிச் சமூகத்தவர். 2017இல் வந்தது, இளையோர் இலக்கியத்துக்கான ஆளுநர் நாயகம் விருது அதே ஆண்டு கிடைத்தது. ஆதிக்குடி இளையோருடன் வேலை செய்தவர் அவர். அந்தப் பிள்ளைகள் எதிர்காலத்தில் தங்களையும் ஆட்களாகக் காணவேண்டும் என்று நினைத்தே எழுதியதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டபோது முதலில் எனக்கு விசித்திரமாக இருந்தது. எதிர்காலத்தில் ஆளைக் காணவேண்டும் என்பதற்காக யாராவது உலகம் நாசமாய்ப்போன கதையை எழுதுவார்களா?

கதை இப்படித் தொடங்குகிறது. ஒரு மரவீட்டில் இரண்டு அண்ணன் தம்பி ஒளிந்திருக்கிறார்கள். அண்ணன் எங்கேயோ ஒரு வீட்டைத் துழாவி ஒரு பைக்கற் டொரிட்டோஸ் கொண்டுவந்திருக்கிறான். கடைகளே இல்லாத காலம் அது. பைக்கற்றைப் பிரித்துச் சந்தோசப்பட்டு முடிவதற்குள் விசில் சத்தம் கேட்கிறது. ஆட்பிடிகாரர் வந்துவிட்டார்கள். தம்பியை மரத்தில் ஏறி ஒளியச் சொல்லிவிட்டு அண்ணன் வேண்டுமென்றே சத்தம்போட்டுப் பிடிபடுகிறான். தம்பியின் பெயர் ஃபிரெஞ்சி. பிறகு அவன் தனியாக வடக்கே நடந்து, தன்னைப்போலத் தப்பிவந்த ஒரு கூட்டத்தோடு சேர்கிறான். அந்தக் கூட்டமே அவனுக்குக் குடும்பமாகிறது.

ஏன் பிடிக்கிறார்கள்? உலகம் சூடாகி, தண்ணீர் நஞ்சாகி, நகரங்கள் அழிந்தபின் மனிதர்கள் கனவு காணும் சக்தியை இழந்துவிடுகிறார்கள். கனவில்லாமல் பைத்தியம் பிடிக்கிறது. ஆதிக்குடிகளுக்கு மட்டும் கனவு வருகிறது. அது அவர்களின் எலும்பு மச்சையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். முதலில் விருப்பத்தோடு வரச்சொல்லிக் கேட்கிறார்கள். பிறகு சிறைக்கைதிகளை எடுக்கிறார்கள். அதுவும் போதாமல் போனதும், அரசாங்கம் தன்னுடைய பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, முன்பு நன்றாக நடந்த ஒரு திட்டத்தைத் தூசிதட்டி எடுக்கிறது. புதிய கட்டடங்கள் எழும்புகின்றன. அவற்றுக்கும் 'பள்ளிக்கூடம்' என்றே பெயர்.

குரல்பதிவில் பேசியவர் இதைத்தான் 'நோய்பிடித்த கற்பனை' என்கிறார். கற்பனை எந்த அளவு என்று பார்ப்போம். கனடாவின் வதிவிடப் பள்ளிகளுக்குள் போன பிள்ளைகள் 1,50,000க்கு மேல். 1920இல் சட்டம்போட்டுக் கட்டாயமாக்கினார்கள். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில். அதாவது எங்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்து, வேலை தேடி, முதல் வீட்டுக்கு முற்பணம் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில். உடம்பிலிருந்து எடுப்பது? 1948க்கும் 1952க்கும் இடையில் ஆறு வதிவிடப் பள்ளிகளில் பட்டினிப் பிள்ளைகளை வைத்து ஊட்டச்சத்துப் பரிசோதனை நடத்தினார்கள். ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகள். ஓரிடத்தில் பாலின் அளவை வேண்டுமென்றே இரண்டு வருடம் குறைத்து வைத்திருந்தார்கள். பல் மருத்துவம் செய்தால் பல் ஈறின் நிலை மாறி முடிவு பிழைத்துவிடும் என்று சில பிள்ளைகளுக்குப் பல் மருத்துவத்தையே நிறுத்தினார்கள். வரலாற்றாசிரியர் இயன் மொஸ்பி 2013இல் இதை வெளியே கொண்டுவந்தார். பிள்ளையின் பசியை ஆய்வுக்குப் பயன்படுத்தியது நடந்த விசயம். மச்சை என்பது மட்டும்தான் டிமலைன் போட்டது.

இந்த எண்களை நானும் வகுப்பில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் எழுதுவார்கள், அவ்வளவுதான். டொரிட்டோஸ் பைக்கற்றை வாசித்த அன்று அப்படி நடக்கவில்லை. தம்பியோடு எப்போதும் சண்டைபிடிக்கிற பெடியன் ஒருவன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "அண்ணன் ஏன் தானும் ஏறேல்லை?" என்று கேட்டான். ஒரு மரத்தில் எத்தனை பேர் ஒளியலாம் என்று அரைமணித்தியாலம் விவாதம் நடந்தது. அறிக்கை படித்து வராத கேள்வி அது.

ஆங்கிலத்தில் பிள்ளைகள் வழக்கமாக வாசிக்கிற டிஸ்டோபியா நாவல்களுக்கும், அதாவது நாசமாய்ப்போன எதிர்காலத்தைக் காட்டும் கதைகளுக்கும், ஆதிக்குடி எழுத்தாளரின் நாவல்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வழக்கமான நாவல் ஒரு எச்சரிக்கை: இன்றைக்கு நீ வசதியாக இருக்கிறாய், கவனமில்லாவிட்டால் நாளைக்கு இது உனக்கு நடக்கும். ஆதிக்குடி எழுத்தாளருக்கு அந்த 'நாளைக்கு' நேற்றே வந்துபோய்விட்டது. கொள்ளைநோய் வந்தது, நிலம் போனது, பிள்ளைகள் போனார்கள், மொழி பேசியதற்கு அடி விழுந்தது. எஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று எழுதுகிறார்கள். அதனால் அவர்களின் கதைக்கு அழிவு தொடக்கமாகத்தான் வருகிறது. கதை போகிற இடம், அதற்குப் பிறகு எப்படி அடுப்பை மூட்டுவது, யார் சின்னப் பிள்ளையைத் தூக்குவது, எந்த வயதில் எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு உண்மையைச் சொல்வது என்பதெல்லாம். டிமலைனின் நாவலில் கூட்டத்தின் தலைவர் மிக் இரவில் நெருப்பைச் சுற்றி உட்காரவைத்து நடந்த வரலாற்றைச் சொல்வார். ஏழு வயது ரிரிக்கு அதைக் கேட்க அனுமதி இல்லை, இன்னும் சின்னவள். ஆனால் அந்தப் பிள்ளை எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்று நிற்கிறாள். முள்ளிவாய்க்காலைப் பற்றிப் பிள்ளைக்கு எப்போது சொல்வது என்று தெரியாமல் தொலைக்காட்சியை நிறுத்திய வீடுகள் இந்த ஊரில் எத்தனை? அந்தப் பகுதியை நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் மினர்வா என்று ஒரு கிழவி. அவருக்கு மட்டும்தான் பழைய மொழி முழுதாகத் தெரியும். இளையவர்கள் ஒரு சொல்லுக்காக அவர் பின்னால் திரிவார்கள். அவர் பிடிபட்டு இயந்திரத்தில் பூட்டப்படும்போது என்ன நடக்கிறது என்பதைப் பிள்ளைகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு முகத்தைச் சுளிக்கிற பிள்ளையும் அதை ஆர்வமாகச் சொல்லும்.

இன்னொரு நாவலைச் சொல்லியே ஆகவேண்டும். 'மூன் ஒஃப் த கிரஸ்ரட் ஸ்னோ', 2018. எழுதிய வாப்கேஷிக் ரைஸ், வசாக்சிங் என்ற அனிஷினாபே ஆதிக்குடிச் சமூகத்தவர், வானொலியில் செய்தியாளராக வேலை செய்தவர். 2003 ஓகஸ்ட் 14ஆம் திகதி மின்சாரம் போனது ஞாபகம் இருக்கிறதா? ஒன்ராறியோவும் அமெரிக்காவின் வடகிழக்கும் இருட்டில் கிடந்த அந்த நாள்தான். ரைஸ் அப்போது தன்னுடைய ஊரில் இருந்திருக்கிறார். நகரம் தவித்துக்கொண்டிருக்க, தங்களால் சமாளிக்க முடியும் என்று அங்கே தோன்றியதுதான் நாவலின் வித்து என்று சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. ரொறன்ரோவில் அன்றிரவு கட்டடங்களின் வாசலில் சனம் கதிகலங்கி நிற்க, எங்கட சனம் பலகணியில் இருந்துகொண்டு, "இதென்ன இருட்டு, ஜாம் போத்தல் விளக்கில படிச்ச ஆக்கள் நாங்கள்" என்று பகிடி விட்டதும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட கதைகளை எடுத்துவிட்டதும் மறக்குமா?

நாவலில், வடக்கே ஒரு ஒதுக்குக் கிராமத்தில் பனிக்காலம் தொடங்கும் நேரம் தொலைக்காட்சி போகிறது, தொலைபேசி போகிறது, மின்சாரம் போகிறது. தெற்கில் என்ன நடந்தது என்று கடைசிவரை சரியாகச் சொல்லப்படுவதே இல்லை. அதைப் பற்றிக் கதைக்கு அக்கறையும் இல்லை. இவான் என்ற இளம் தகப்பன் மூஸ் மான் சுட்டு, புகையிலை வைத்து நன்றி சொல்லி, இறைச்சியைப் பங்கிடுகிறான். டீசல் எத்தனை நாளைக்குக் காணும், யார் வீட்டில் விறகு இல்லை, எந்தக் கிழவிக்கு யார் பனி தள்ளுவது என்று பக்கம் பக்கமாகப் போகிறது. மண் உறைந்துவிட்டதால் செத்தவர்களைப் புதைக்க முடியாமல் ஒரு கராஜில் அடுக்கிவைக்கிறார்கள். ஊரில் மூத்த அயிலீன் அம்மா, இவானிடம் சொல்வதன் சுருக்கம் இதுதான்: வெள்ளையர் வந்து எங்களைத் தெற்கிலிருந்து துரத்தியபோது உலகம் முடிந்தது, பிள்ளைகளைக் கொண்டுபோனபோது மறுபடியும் முடிந்தது, ஆனாலும் நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.

இதை வாசிக்கும்போது நெஞ்சு நிமிரும். எங்கட கதையும் இதுதானே என்று தோன்றும். 1981இல் எரிந்த நூலகம், இடப்பெயர்வு, 2009. இங்கேதான் ஒரு நிமிடம் நிற்கச் சொல்கிறேன். பிள்ளைகளும் இந்த இடத்தில் வேகமாக ஓடிவிடுகிறார்கள்: "நாங்களும் அவையளும் ஒண்டு." பாதி உண்மை. மறுபாதி, இந்த நிலத்தில் எங்கட வீடு எதன்மேல் நிற்கிறது என்பது.

ரொறன்ரோவின் நிலம் 1787இல் 'வாங்கப்பட்டது'. அந்தப் பத்திரத்தில் விவரங்கள் எழுதவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. தலைவர்களின் அடையாளங்கள் வேறு துண்டுகளில் இருந்து அதில் ஒட்டப்பட்டிருந்தன. பிழை தெரிந்து 1805இல் திரும்பவும் எழுதினார்கள், விலை பத்துச் சில்லிங். மிஸ்ஸிஸாகா மக்களுடன் அந்தக் கணக்கு முடிக்கப்பட்டது 2010இல், 145 மில்லியன் டொலருக்கு. இது யாருடைய நிலம் என்று கூட்டங்களின் தொடக்கத்தில் வாசிக்கும் நகரசபையின் நில அறிக்கையில் 1923இன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களும் வருகின்றன. அந்த ஒப்பந்தங்களால் வேட்டையும் மீன்பிடியும் பறிபோன ஏழு சமூகங்களுடன் 2018இல்தான் 1.1 பில்லியன் டொலருக்கு இணக்கம் வந்தது. எங்கட ஆண்டுவிழா மேடைகளிலும் அந்த அறிக்கையை யாரோ ஒரு பிள்ளையைக் கொண்டு வாசிப்பிக்கிறோம், ஒலிவாங்கி சரிபார்க்கிற மாதிரி. 2021க்குப் பிறகு குடியுரிமை எடுத்தவர்கள் ஆதிக்குடிகளின் ஒப்பந்த உரிமைகளை ஏற்பதாகவும் சத்தியம் செய்திருக்கிறார்கள். சத்தியம் செய்த அன்று பலருக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது. வட ஒன்ராறியோவின் நெஸ்கன்டகா சமூகத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும் என்ற எச்சரிக்கை 1995இல் தொடங்கியது. முப்பது ஆண்டைத் தொட்டும் தீரவில்லை. நாங்களும் அதே மாகாணத்தில்தான் குழாயைத் திறந்து குடிக்கிறோம்.

ரைஸின் நாவலில் ஸ்கொட் என்று ஒரு வெள்ளையன் பனிவண்டியில் வந்து தஞ்சம் கேட்கிறான். ஊர் கூடிக் கதைத்து இடம் கொடுக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக அவன் ஊரையே தன் பிடிக்குள் கொண்டுவரப் பார்க்கிறான். தஞ்சம் கேட்டு வந்தவர்கள் நாங்களும்தான். 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றியதை இப்போதும் நன்றியோடு சொல்கிறோம். நாங்கள் ஸ்கொட் இல்லை. நாவலில் பிறகு வருகிற வேறு ஆட்களும் எல்லோரும் ஸ்கொட் ஆவதில்லை. ஆனால் அந்த ஊர்க்கூட்டத்தை வாசிக்கும்போது நான் எந்தக் கதிரையில் இருக்கிறேன் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஊரிலும் எங்களுக்கு இந்தக் கேள்வி உண்டு, கேட்டுக்கொள்வதில்லை. மட்டக்களப்பின் வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் வேடர் என்ற ஆதிக்குடிகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எங்கட பாடப்புத்தகத்தில் எத்தனை வரி இருந்தது?

அவுஸ்திரேலியாவில் நூங்கர் என்ற ஆதிக்குடி இனத்தவரான கிளெயர் ஜி. கோல்மன் எழுதிய 'டெரா நல்லியஸ்' (2017) இந்த வேலையை இன்னும் தந்திரமாகச் செய்கிறது. எசமானிடமிருந்து தப்பியோடும் ஜக்கி, பிள்ளைகளை வதைக்கும் மிஷன் கன்னியாஸ்திரி, ஆதிக்குடிப் 'பாதுகாப்பு' அதிகாரி. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை, எங்களுக்குத் தெரிந்த விசயம் என்று வாசித்துக்கொண்டே போவீர்கள். நடுவில் ஒரு இடம் வரும். அதைச் சொன்னால் வாசிக்கிற ருசி கெட்டுவிடும். அந்த இடத்தைத் தாண்டியபின் முன்னே படித்த பக்கங்களுக்குத் திரும்பிப் போய், எங்கே ஏமாந்தேன் என்று தேடினேன். எழுத்தாளர் ஒரு பொய்யும் சொல்லியிருக்கவில்லை. ஆதிக்குடி என்றால் இன்னார் என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன்.

குறையே இல்லாத புத்தகங்கள் என்று நான் சொல்லவில்லை. டிமலைனின் நாவலில் நடுப்பகுதி நடையாய் நடக்கிறது, காதல் பொறாமைக் காட்சிகள் எந்த இளையோர் நாவலிலும் வருவதுதான், முடிவு கொஞ்சம் வசதியாக வந்துசேர்கிறது. ரைஸின் ஸ்கொட் வந்திறங்கிய நிமிடமே வில்லன் என்று தெரிந்துவிடுகிறது. பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டியதும் உண்டு: டிமலைனின் கதையில் வாப் என்ற பெண் தனக்கு நடந்த பாலியல் வன்முறையைச் சொல்கிறாள், ஒரு சின்னப் பிள்ளை சாகிறது. ரைஸின் கதையில் பசி மனிதரை எதுவரை கொண்டுபோகும் என்பது வருகிறது. போரை நேரில் கண்ட தாய்தகப்பன் உள்ள வீட்டில் இவை வேறுமாதிரி விழும். உங்கட பிள்ளைக்கு அது தாங்காது என்று தோன்றினால் ஆசிரியரிடம் நேரே போய்க் கதையுங்கள். மாற்றுப் புத்தகம் கேட்பதில் பிழையில்லை. ஒரு பிள்ளைக்காகக் கேட்பதற்கும், முழு ஊரின் பெயரால் பாடத்தையே தூக்கச்சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. வதிவிடப் பள்ளிகள் நடந்த நாட்டில், அந்தப் பள்ளிகளைப் பற்றிய கதையைப் பள்ளியிலிருந்து எடுங்கள் என்று கேட்கிற முதல் கையெழுத்துகள் தமிழ்ப் பெயர்களாக இருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. பகிரங்கமாகவே சொல்கிறேன்.

பெற்றோர் மூன்று புத்தகங்களையும் வாசிக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன்; இரவுவேலை, இரண்டாவது வேலை எல்லாம் எனக்கும் தெரியும். ஒன்றுதான் முடியும் என்றால் ரைஸின் நாவலை எடுங்கள். சின்னப் புத்தகம், நேரான ஆங்கிலம். ரொறன்ரோ பொது நூலகத்தில் இருக்கிறது. வாசிக்க நேரமில்லையென்றால் ஒலிப்புத்தகமாக வேலைக்குப் போகிற வழியில் கேட்கலாம். முடித்தபிறகும் இதை எடுத்துவிட வேண்டும் என்றே தோன்றினால், மனுவில் எந்தப் பக்கம், என்ன காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்படி எழுதுகிற யாரோடும் உட்கார்ந்து கதைக்க நான் தயார். குரல்பதிவுக்காரருக்கும் இதையே சொல்கிறேன். அவருக்கு வேண்டுமானால் என்னுடைய பிரதியையே தருகிறேன், ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
ஸ்காபரோவில் உங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒருவன்